யாருக்காக இந்த ஊசி?

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் கடலூர் மாவட்டத்தில் இருமல் கேட்காத வீடு அரிது. மஞ்சக்குப்பத்திலுள்ள அரசுத் தலைமை மருத்துவமனையிலும், சிதம்பரம் அண்ணாமலை நகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் புறநோயாளிகளின் வரிசை நீள்கிறது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஓடும் பேருந்துகளில் சாரலுக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்துவிடுகிறோம். ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுத்தபடி ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பயணம் செய்கிறோம். இத்தகைய நாள்களில், முன்பெல்லாம் பெருநகரத்து வசதி படைத்தோர் மட்டுமே கேட்டுவந்த கேள்வி ஒன்றை நடுத்தரக் குடும்பங்களும் மருத்துவரிடம் கேட்கத் தொடங்கியுள்ளன: "ஆண்டுதோறும் போடுகிறார்களே, அந்த ஃபுளூ ஊசியை நாங்களும் போட்டுக்கொள்ளலாமா?"

மருத்துவ முறையில் இதற்கு விடை தருவது மருத்துவரின் பணி. நாம் இங்கு எண்ணிப்பார்க்க விரும்புவது அதனோடு ஒட்டி நிற்கும் மற்றொரு கேள்வியை. நம் உடலில் ஏற்றிக்கொள்ளும் ஒரு மருந்தைப் பற்றிய முடிவு நம்மோடு முடிந்துவிடுகிறதா? நாம் 'வேண்டாம்' என்று சொல்லும்போது அந்தச் சொல் வேறு யார் யாரைத் தொடுகிறது?

இக்கேள்வி நம்மிடம் வந்து சேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பெரியம்மைத் தடுப்பில் அரசே முடிவெடுத்தது. ஊசி குத்துவோர் வீடு தேடி வந்தனர். 1975க்குப் பின் இந்தியாவில் அந்நோய் எவரையும் தாக்கவில்லை. 1980இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. இளம்பிள்ளை வாதத்துக்கு 1995 முதல் நாடெங்கும் சொட்டு மருந்து கொடுத்தார்கள். 2014 மார்ச்சில் நம் பகுதி அந்நோயற்றதெனச் சான்று பெற்றது. கொரோனாக் காலத்திலும் அவ்வாறே; 2021 செப்டம்பர் 12 முதல் தமிழக அரசு மாபெரும் தடுப்பூசி முகாம்களை நடத்தியது. ஃபுளூ ஊசியோ தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இடம்பெறவில்லை. மருத்துவப் பணியாளர், கருவுற்ற தாய்மார், முதியோர், நாட்பட்ட நோயுடையோர் ஆகியோருக்கு அது பரிந்துரைக்கப்படுகிறது. அதற்குமேல் யாரும் நம் கதவைத் தட்டுவதில்லை. போட்டுக்கொள்வதா வேண்டாமா என்பதை ஒவ்வொருவரும் தம் மனச்சான்றையும் தம் பணப்பையையும் கேட்டே முடிவு செய்ய வேண்டியுள்ளது.

நோயின் முகம்

சளி பிடிப்பதையெல்லாம் ஃபுளூ என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. இன்ஃபுளுவன்சா என்பது தனி நோய்; தனி வைரசால் வருவது. திடீரென்று கடுங்காய்ச்சல், வறட்டு இருமல், தலைவலி, உடம்பு முழுவதும் அடித்துப் போட்டது போன்ற வலி என்று தொடங்கும். பெரும்பாலோர் ஒரு வாரத்தில் எழுந்துவிடுவர். கைக்குழந்தைகள், கருவுற்றோர், அறுபதைக் கடந்தோர், நீரிழிவும் இதய நோயும் மூச்சிரைப்பும் உடையோர் ஆகியோரிடம் மட்டும் அது நிமோனியாவாக முற்றக்கூடும். ஃபுளூவினால் வரும் மூச்சு நோய்களால் உலகில் ஆண்டுதோறும் 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை இறப்பதாக உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிடுகிறது.

நம் நாட்டுக்கு இந்நோய் புதிதன்று. முதல் உலகப்போரின் இறுதியில், 1918இல், பம்பாய்த் துறைமுகத்தின் வழியாக நுழைந்து இரயில் பாதைகளைப் பின்பற்றி நாடெங்கும் பரவிய இன்ஃபுளுவன்சாவுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட இந்தியர் பலியானதாக ஆய்வாளர் கணிக்கின்றனர். 1957இல் ஆசிய ஃபுளூ எனப்பட்ட அலை நம் சென்னைத் துறைமுகத்தின் வழியாகவே வந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பல் ஒன்றின் பயணிகளோடு அது கரையேறியது. அடுத்த ஆண்டு பிப்ரவரிக்குள் நாடெங்கும் 44 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகவும் 1,098 பேர் இறந்ததாகவும் பதிவாயிற்று. கப்பலிலிருந்து இறங்கிய எவரும் தாம் எதைச் சுமந்து வருகிறோம் என்று அறிந்திருக்க மாட்டார்கள். இந்நோயின் இயல்பே அதுதான். காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே ஒருவர் அதைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கிவிடலாம்.

ஊசியின் வலிமையும் வரம்பும்

இனி ஊசியைப் பற்றியும் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த வைரஸ் ஆண்டுக்கு ஆண்டு தன் மேற்புறத்தை மாற்றிக்கொள்கிறது. எனவே உலக நலவாழ்வு நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, வட கோளத்துக்குப் பிப்ரவரியிலும் தென் கோளத்துக்குச் செப்டம்பரிலும், அடுத்த பருவத்து ஊசியில் எந்தெந்த வகைகள் இடம்பெற வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. இது முன்கூட்டிச் செய்யும் கணிப்பு. சில ஆண்டுகளில் நன்கு பொருந்தும், சில ஆண்டுகளில் பொருந்தாமல் போகும். நன்கு பொருந்திய ஆண்டுகளிலும் மருத்துவரிடம் செல்லும் அளவுக்கு நோயுறும் வாய்ப்பை அது 40 முதல் 60 விழுக்காடு வரையே குறைக்கிறது. போட்டபின் பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். வட இந்தியாவின் பல நகரங்களில் ஃபுளூ சூலை முதல் செப்டம்பர் வரை உச்சமடைகிறது. சென்னையிலும் வேலூரிலும் செய்த ஆய்வுகள் அக்டோபர், நவம்பர் மாதங்களையே சுட்டுகின்றன. நம் வடகிழக்குப் பருவமழைக் காலம் அது. ஆகவே நம் பகுதியில் மழைக்கு முன்பே போட்டுக்கொண்டால்தான் பயன் மிகுதி.

தீங்கு உண்டா என்றும் கேட்கிறார்கள். ஊசி போட்ட இடத்தில் வலி, ஓரிரு நாள் உடல்வலி, இலேசான காய்ச்சல் ஆகியவை வரலாம். பெரும்பாலான ஊசிகளில் உள்ள வைரஸ் கோழிமுட்டையில் வளர்த்துச் செயலிழக்கச் செய்யப்பட்டது. அதனால் ஃபுளூ வராது. 1976இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சலுக்கு அஞ்சி ஏறத்தாழ நாலரைக் கோடிப் பேருக்கு அவசரமாக ஊசி போட்டார்கள். ஓர் இலட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்குக் 'கீயன்-பாரே' என்னும் நரம்பு நோய் கூடுதலாகக் காணப்பட்டது, திட்டம் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிந்தைய ஊசிகளில் அத்தகைய கூடுதல் ஏதேனும் இருந்தால் அது பத்து இலட்சத்தில் ஒன்றிரண்டு என்னும் அளவே. அதே நரம்பு நோயை ஃபுளூவும் உண்டாக்கக்கூடும். முன்பு இவ்வூசியால் கடும் ஒவ்வாமை ஏற்பட்டவர்கள் மருத்துவரைக் கேளாமல் போடக்கூடாது.

இவ்வளவையும் கேட்டபின், நல்ல உடல்நலமுள்ள முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர், "எனக்கு ஃபுளூ வந்தால் ஒரு வாரம் படுத்து எழுவேன், பாதிப் பாதுகாப்புக்காக ஆண்டுதோறும் ஏன் செலவு செய்ய வேண்டும்?" என்று சொன்னால் அவரை மூடர் என்று தள்ள முடியாது. அவர் கணக்கில் பிழை இல்லை. அந்தக் கணக்கில் அவர் ஒருவர் மட்டுமே இருக்கிறார். அதைத்தான் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

அலையாத்திகள்

அவருடைய வீட்டில் எழுபத்தெட்டு வயதுத் தாய் இருக்கலாம். நான்கு மாதக் குழந்தை இருக்கலாம். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இந்த ஊசி போடுவதே இல்லை. தாய்க்குப் போடலாம்; போடவும் வேண்டும். ஆனால் முதிய உடல் ஊசிக்கு இளைய உடல்போல் மறுமொழி தருவதில்லை. நோயால் மிகுதியாகத் துன்புறக்கூடியவர்களிடமே ஊசியின் வலிமை குறைந்து நிற்கிறது. அவர்களுடைய பாதுகாப்பில் ஒரு பங்கு அவர்களைச் சுற்றியிருப்போரின் உடலில்தான் உருவாக வேண்டியுள்ளது.

இது வெறும் ஊகம் அன்று. கனடாவின் மேற்கு மாநிலங்களில் ஹட்டரைட்டுகள் எனப்படும் கிறிஸ்தவப் பிரிவினர் உடைமைகளைப் பொதுவாக்கித் தனிக் குடியிருப்புகளில் வாழ்கின்றனர். அவர்களுடைய 49 குடியிருப்புகளில் நடந்த ஆய்வொன்று 2010இல் வெளியாயிற்று. சில குடியிருப்புகளில் சிறுவர்களுக்கு ஃபுளூ ஊசியும், மற்றவற்றில் ஒப்பீட்டுக்காக மஞ்சட்காமாலைத் தடுப்பூசி ஒன்றும் போடப்பட்டன. ஃபுளூ ஊசி பெற்ற சிறுவர்களின் குடியிருப்புகளில், ஆய்வில் ஊசி பெறாத ஏனையோரிடையே ஃபுளூ 61 விழுக்காடு குறைந்திருந்தது. பிள்ளைகள் கையை நீட்டினார்கள். பாட்டன்மாரும் பாட்டிமாரும் பயன் பெற்றார்கள்.

இதைப் புரிந்துகொள்ளக் கனடாவரை போக வேண்டியதில்லை. சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரத்தில் அலையாத்திக் காடு இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர்க் கரையைத் தாக்கியபோது தேவனாம்பட்டினம் முதலிய மீனவச் சிற்றூர்கள் பட்ட துன்பத்தை நாம் மறக்கவில்லை. பின்னர், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் ஆய்வு மையத்தார் இக்கரையின் 18 சிற்றூர்களை ஆய்ந்து, அடர்ந்த அலையாத்திகளுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் இழப்புக் குறைவு என்று 2005இல் எழுதினர். நிலத்தின் உயரமும் கடலிலிருந்துள்ள தொலைவும்கூடக் காரணங்கள் என்று மறுத்துரைத்தவர்களும் உண்டு. ஒற்றை மரம் எந்த அலையையும் நிறுத்தியிராது. சில இடங்களில் காடே தோற்றிருக்கும். என்றாலும் வேரோடு வேர் பின்னி மரங்கள் அடர்ந்து நின்ற இடத்தில் அலை தன் வேகத்தில் ஒரு பங்கை இழந்தது. நம்மில் ஒருவர் போட்டுக்கொள்ளும் ஊசியும் அத்தகையதே. அதன் பயன் அவர் ஒருவரிடம் குறைவாகத் தோன்றலாம். வீட்டிலும் வகுப்பறையிலும் மருத்துவமனைக் கூடத்திலும் பலர் சேர்ந்து நிற்கும்போது, அவர்களுக்குப் பின்னால் இருக்கும் வலிமையற்றோரை அலை மெலிந்தே அடைகிறது.

ஆகவே 'இந்த ஊசி எனக்குத் தேவையா?' என்று கேட்பதோடு, 'நான் யாருக்கு முன்னால் நிற்கிறேன்?' என்றும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும் எனக் கருதுகிறோம். இதற்கு எல்லாருடைய விடையும் ஒன்றாக இராது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் செவிலியர் நோயாளிகளுக்கு முன்னால் நிற்கிறார். அங்கன்வாடி ஆசிரியை முப்பது குழந்தைகளுக்கும், அவர்கள் வழியே முப்பது வீடுகளுக்கும் முன்னால் நிற்கிறார். முதியோர் இல்லத்தில் உணவு பரிமாறுபவரும், படுக்கையிலுள்ளோருக்கு நற்கருணை கொண்டுசெல்லும் அருள்பணியாளரும் பொதுநிலையினரும் அவ்வாறே. தனியே வயலுக்குச் சென்று தனியே வீடு திரும்பும் ஒருவருடைய கடமை இவர்களுடையதைவிட இலேசானது. கடமையின் பளு நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

கடமையும் கட்டாயமும்

கடமை என்று சொன்ன உடனே சிலர் மனத்தில் அச்சம் எழும். கடமை என்றால் அரசு பிடித்து ஊசி போடலாமா? இந்த அச்சத்துக்கு வரலாறு உண்டு. பெரியம்மை ஒழிப்பின் இறுதிக் கட்டத்தில், 1973-75இல், வட இந்தியாவின் சில இடங்களில் மறுத்தவர்களைப் பிடித்து வைத்து ஊசி குத்தியதை ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். நோய் ஒழிந்தது நன்மையே. அதற்காக அந்த வன்முறை நியாயமாகிவிடாது. காந்தியடிகளே அம்மைத் தடுப்பூசியை மனமார ஏற்காதவர். அவருடைய மருத்துவக் கருத்து தவறானது என்று நாம் துணிந்து சொல்லலாம். ஆயினும் ஒருவருடைய மனச்சான்றை மிதித்துச் செல்லும் உரிமை நமக்கு அதனால் கிடைத்துவிடாது. நம் உச்ச நீதிமன்றமும் 2022 மே 2 அன்று, கொரோனா ஊசி தொடர்பான வழக்கில், எவரையும் வற்புறுத்தி ஊசி போடலாகாது, உடல்மீதான உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. பொதுநலம் கருதி அரசு நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்பதையும் அதே தீர்ப்பு ஏற்றது.

திருச்சபையும் இவ்விரண்டையும் சேர்த்தே பேசியுள்ளது. உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2020 டிசம்பர் 21 அன்று கொரோனா ஊசிகளைக் குறித்து ஒரு குறிப்பு வெளியிட்டது. அன்று எழுந்த தலையாய ஐயம், அவற்றுள் சிலவற்றின் உருவாக்கத்தில் பயன்பட்ட உயிரணுக்களின் தோற்றம் பற்றியது. முட்டையில் வளரும் ஃபுளூ ஊசிக்கு அந்த ஐயம் பொருந்தாது. அக்குறிப்பின் ஏனைய மூன்று கருத்துகள் இங்கும் நமக்கு வழிகாட்டும். ஊசி போட்டுக்கொள்வது பொதுவாக அறநெறிக் கட்டாயம் ஆகாது, அது தன்விருப்பமாகவே இருக்க வேண்டும் என்பது ஒன்று. அந்த விருப்பத்தை முடிவு செய்கையில் தன் உடல்நலத்தோடு பொதுநன்மையையும் எண்ண வேண்டும். மனச்சான்றின் காரணமாக மறுப்பவர் தம்மால் நோய் பரவாதபடி வேறு வழிகளில் தம்மால் இயன்ற அனைத்தையும் செய்ய வேண்டும் என்பது இரண்டாவது. ஏழை நாடுகளின் மக்களுக்கும் ஊசி கிடைக்கச் செய்வது அரசுகளுக்கும் மருந்து நிறுவனங்களுக்கும் உள்ள அறக்கடமை என்பது மூன்றாவது.

கட்டாயம் இல்லாத இடத்தில் கடமையும் இல்லை என்று எண்ணுவது நம் காலத்தின் பெரும் மயக்கம். நம் வாழ்வின் முதன்மையான கடமைகளுக்குப் பின்னால் காவலர் எவரும் நிற்பதில்லை. நோயுற்ற தந்தையின் அருகே இரவில் விழித்திருக்கச் சட்டம் சொல்வதில்லை. அண்டை வீட்டில் சாவு விழுந்தால் நம் வீட்டுப் பாட்டுப் பெட்டியை அணைக்க ஆணை ஏதும் வருவதில்லை. யாரும் கேட்காமலே செய்கிறோம். செய்யாதவரை ஊர் தண்டிப்பதில்லை, ஆனால் அவரே தம்முள் ஒரு குறையை உணர்கிறார். ஃபுளூ ஊசியும் அந்த வகைச் சிறு கடமைகளோடு சேர்ந்தது.

"ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்வோருக்கும் ஒரு சொல். கொள்ளைநோய்க் காலங்களில் நம் முன்னோர் புனித செபஸ்தியாரின் சுரூபத்தைத் தெருவில் எடுத்துச் சென்று மன்றாடினர். அதே மக்கள் நோயாளிக்குத் தனி இடம் ஒதுக்கினர், வேப்பிலை கட்டினர், வீட்டை மெழுகினர். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கரையைக் கடந்தபோதும் செபித்தோம். செபித்துக்கொண்டே ஓலைக் கூரையையும் கயிறு போட்டுக் கட்டினோம். இறைபராமரிப்பில் நம்பிக்கை வைப்பவர் கயிற்றை வேண்டாம் என்பதில்லை.

இரண்டு தெனாரியங்கள்

மிகக் கடினமான கேள்வி பணத்தைப் பற்றியது. தனியார் மருத்துவமனையில் ஒரு தவணைக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆண்டுதோறும் அது பெருஞ்செலவு. காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் நடவு நடும் பெண்ணிடமும், பண்ணுருட்டி முந்திரித் தோப்பில் கூலிக்குச் செல்பவரிடமும் "உங்கள் மாமியாருக்காக நீங்கள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்" என்று பேசுவது அறமாகாது. இயலாததைச் செய்யும் கடமை எவருக்கும் இல்லை. காய்ச்சலாக இருந்தாலும் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை என்னும் நிலையில் இருப்பவரிடம், "வீட்டில் இரு" என்று சொல்வதற்கும் நமக்குத் தயக்கம் வேண்டும்.

நல்ல சமாரியரின் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அவர் காயங்களைக் கட்டியதை நினைவில் வைத்திருக்கும் நாம், மறுநாள் சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியங்களைக் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவையும் ஏற்றதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். பிறரன்புக்கு விலை உண்டு. அந்த விலையை இயன்றவர் கொடுத்தார். ஆகவே தம் செவிலியருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் ஆண்டுதோறும் இலவசமாக ஊசி போடுவது ஒவ்வொரு மருத்துவமனையின் பொறுப்பு. நம் மருத்துவமனைகளும் முதியோர் இல்லங்களும் இதில் முன்னே நிற்க வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணைக் கொண்டு தம் முதிய தாயைக் கவனிக்கச் செய்பவர்கள், தமக்கு ஊசி போடும்போது அவருக்கும் சேர்த்துச் செலவு செய்வது சலுகை ஆகாது, நியாயம். பங்குகளிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபையினர் தனித்து வாழும் முதியோர் சிலருக்கேனும் இதைச் செய்துகொடுக்க எண்ணிப்பார்க்கலாம். இடர்ப்பாடு மிகுந்தோருக்கு அரசே இதை இலவசமாக வழங்க வேண்டும் என்று கேட்பதும் நம் குடிமைக் கடமை.

பணம் கேட்காத கடமைகளும் உள்ளன; அவை எல்லாருக்கும் பொது. இருமும்போது வாயை மூடுவது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது, மழை விட்டவுடன் சன்னலைத் திறப்பது, காய்ச்சல் உள்ள பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதிருப்பது, இருமல் உள்ள நாளில் முதியோர் அறைக்குள் முகக்கவசம் இல்லாமல் நுழையாதிருப்பது ஆகிய இவற்றை ஊசி வாங்க இயலாதவரும் செய்யலாம். ஊசி போட்டவருக்கும் இவற்றிலிருந்து விலக்கு இல்லை. பாதி வலிமையுள்ள ஊசியை முழுக் கவசமாக எண்ணிக்கொண்டு, இருமியபடியே கைக்குழந்தையைத் தூக்கி முத்தமிடுபவர், ஊசி போடாமல் எட்டி நின்று பார்ப்பவரைவிட மிகுதியான தீங்கு செய்யக்கூடும்.

முடிவெடுக்கும் முறை

இவ்வளவையும் சீர்தூக்கிய ஒருவர், மருத்துவரையும் கேட்டு, இறுதியில் 'இவ்வாண்டு வேண்டாம்' என்று முடிவு செய்தால் அவரைக் குற்றவாளியாக்க நமக்கு உரிமை இல்லை. போட்டுக்கொண்டவர் அதைத் தம் புண்ணியக் கணக்கில் எழுதிக்கொள்ளவும் வேண்டாம். நம்மை வருத்துவது, இக்கேள்வியைக் கேட்காமலேயே கடந்துபோகும் பழக்கம். சளிதானே, காய்ச்சல்தானே என்று நாம் சொல்லும்போது, நமக்கு ஒரு வாரத்து அலுப்பாக இருப்பது அடுத்த அறையில் படுத்திருப்பவருக்கு இறுதி நோயாக இருக்கலாம் என்பதை எண்ணத் தவறுகிறோம். யாரிடமிருந்து வந்தது என்று எவரும் அறியாத நோய் இது. அதனால் எவரும் மன்னிப்புக் கேட்பதும் இல்லை, எவரும் மன்னிப்பதும் இல்லை. குற்றம் சாட்ட ஆள் இல்லாத இடத்தில், பொறுப்பை நாமாகவே முன்வந்து ஏற்றால்தான் உண்டு.

நம் பகுதியில் ஆவணி, புரட்டாசியே இதற்குரிய காலம். மழைக்கு வைக்கோற்போரை மூடுகிறோம், கூரையைப் பார்க்கிறோம், வாய்க்காலைத் தூர் வாருகிறோம். அதனோடு ஒரு மாலையில் வீட்டிலுள்ள அனைவரும் கூடி அமர்ந்து இதையும் பேசலாம்: நம் வீட்டில் மிக வலிமையற்றவர் யார், அவர் அருகே நாள்தோறும் செல்வோர் யார், யாருக்கு ஊசி போடுவது, செலவை எப்படிப் பகிர்வது, ஊசி போட இயலாதவர் என்ன செய்வது? பேசும்போது பாட்டியையும் உடன் அமர்த்திக்கொள்வோம். அவருடைய விருப்பம் என்னவென்று அவரையே முதலில் கேட்போம்.